மேடம் துன்னுகினு கீது

இந்த மூன்று சொல்லுக்காக ஒரு மனிதருடைய வேலை போகப் பார்த்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுபதுகளில், திருப்பதியில், நான் டைப்பிஸ்டாக இருந்த ஆபீசில் நடந்தது. எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். இன்றைக்கும் அவர்கள் தரும் பென்ஷனில்தான் காபி குடிக்கிறேன். மத்திய சர்க்கார் ஆபீஸ், மாடிக் கட்டடம், மேலிடம் மெட்ராஸ். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் சித்தூர்க்காரி. பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். நைனா கம்பவுண்டர். வீட்டுக்குள் தமிழ் பைபிள், தமிழ் ஜெபம், தமிழ்ச் சண்டை. படியைத் தாண்டினால் தெலுங்கு. காய்கறிக்காரியிடம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் பேரம் பேசி மறுபடியும் தமிழில் திட்டிவிட்டு வருவோம். அதில் எங்களுக்கு ஒரு சிரமமும் கிடையாது. சித்தூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. வாய் மட்டும் ஐம்பது வயதுக்காரியுடையது. நைனா பாகாலா வண்டியில் ஏற்றிவிடும்போது, “அங்க போயி ஆருகிட்டயும் சண்ட போட்டுகினு வந்து நிக்காதம்மா” என்றுதான் ஆசீர்வாதம் செய்தார்.

ஆபீசில் சூப்பிரண்டு ஒரு ஸ்ரீவைஷ்ணவர். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். நெற்றியில் நாமம் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்குக் கீழே மூன்று தெலுங்கு குமாஸ்தாக்கள். அப்புறம் நான். அப்புறம் அட்டெண்டர். நகரிப் பக்கத்துக்காரர், காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போவார். எள் என்றால் எண்ணெயாக நிற்பார் என்பார்களே, அப்படி ஆள். கோப்பு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். இத்தனைக்கும் அவருக்கு எழுத்து தெரியாது. தெலுங்கில் கையெழுத்து மட்டும் போடுவார். அட்டையின் நிறம், கட்டியிருக்கிற நாடா, ஓரத்தில் எலி கடித்த இடம், இதையெல்லாம் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்.

சண்டை வரும் என்று பயந்த இடத்தில் எனக்குச் சண்டையே வரவில்லை. சனிக்கிழமைகளில் சூப்பிரண்டு புளியோதரைப் பிரசாதம் கொண்டுவருவார். முதல் சனிக்கிழமை என் மேஜைக்கு முன்னால் வந்து தயங்கி நின்றார். கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் கோபித்துக்கொள்வாளோ என்று அவருக்குக் குழப்பம். நான் கையை நீட்டி, “சாமி, சாப்பாட்டு விஷயத்துல நான் மதம் பாக்கறதில்ல” என்றேன். மனுஷர் அப்படிச் சிரித்தார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவருக்கென்று தனியாக முட்டை போடாமல் கல்கலாப் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குக் கொண்டுபோனாராம், அவர் வீட்டு மாமியும் சாப்பிட்டார்களாம். அதற்கப்புறம் எங்களுக்குள் எந்தக் கலகமும் இல்லை.

ஒரே ஒரு கஷ்டம்தான். கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஒரே பெண்ணுக்காக யார் கட்டுவார்கள்? பின் தெருவில் ஒரு வீட்டம்மாவைச் சிநேகம் பிடித்து வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்வருவேன். மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கினால் எங்கே போகிறேன் என்று தெருவுக்கே தெரியும். வெட்கத்தைச் சொல்லி மாளாது.

அப்போதுதான் புது ஆபீசர் வந்தார். பெண். அந்த ஆபீசுக்கு வந்த முதல் பெண் ஆபீசர். திருநெல்வேலிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், நறுக்கென்று பேசுவார். வந்த மறுநாளே, “நீ எங்கே போறே?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அன்றைக்கே ஸ்டோர் ரூமில் கிடந்த உடைந்த நாற்காலிகளை வெளியே எறியச் சொல்லி, குழாய் போடச் சொல்லி, பத்து நாளில் கழிப்பறை தயார். ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி என்னிடம். அந்தச் சாவியைத் தாலி மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன் என்று கேலி செய்வார்கள். போட்டுக்கொண்டுதான் திரிந்தேன். அந்த அம்மாளுக்காக நான் உயிரையும் கொடுப்பேன் என்று அப்போது நினைத்தேன்.

வந்து மூன்று மாதம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். போன் சூப்பிரண்டு மேஜையில் இருக்கும். அவர் தயிர்சாதத்தைப் பிசைந்த கையோடு இருந்தார். “எடுடா, எடுடா” என்றார். அட்டெண்டர் எடுத்தார். டிரங்க் கால் என்றால் கத்தித்தான் பேச வேண்டும் என்பது அந்தக் காலத்து நியாயம். இவர் மெட்ராஸுக்கு நேராகவே கேட்கிற மாதிரி கத்தினார்:

“மேடம் துன்னுகினு கீது சார்! துன்னுட்டு வந்துச்சின்னா சொல்றேன் சார்!”

எங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. என் டிபன் பாக்ஸில் இருந்ததை நான் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தேன். சூப்பிரண்டு பாட்டுக்கு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். ஆனால் ஆபீசர் அறையின் அரைக்கதவுக்குப் பின்னால் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஆபீசர் மெட்ராஸுக்குத் திருப்பிப் பேசினார். பேசிவிட்டு வந்தவர் முகம் செங்கல் மாதிரி இருந்தது. என்னைக் கூப்பிட்டு, சுருக்கெழுத்து நோட்டை எடுக்கச் சொன்னார். அட்டெண்டருக்கு மெமோ. ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். மேலதிகாரி ஒருவரிடம், கீழே கையெழுத்திட்டிருப்பவரைப் பற்றி, ஒரு மிருகத்தைப் பற்றிச் சொல்வதுபோல அஃறிணையில் பேசியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அஃறிணைக்கு ஆங்கிலத்தில் என்ன வார்த்தை போடுவது என்று அவரே இரண்டு தரம் அடித்து எழுதினார்.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கழுத்தில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கார்பன் வைத்து மூன்று நகல் அடித்துக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மெமோவை வாங்கிக்கொண்டு அட்டெண்டர் நேரே என்னிடம்தான் வந்தார். “இன்னாமா எழுதிக்கீது?”

சொன்னேன்.

அவருக்குப் புரியவில்லை. “நான் இன்னாமா தப்பா சொன்னேன்? துன்னுகினுதானே இருந்துச்சு? தூங்கிகினு கீதுன்னா சொன்னேன்?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அப்படி இல்லப்பா. ‘அது’ன்னு சொல்லிட்டியாம். மாட்டச் சொல்ற மாதிரி இருக்காம்” என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. “மாடா? ஐயோ, சாமி! எங்கம்மாவையே நான் ‘அம்மா வந்துச்சு’ன்னுதாம்மா சொல்வேன். நம்ம கெங்கம்மா ஜாத்திரைல ‘கெங்கம்மா வந்துச்சு, கெங்கம்மா வந்துச்சு’ன்னு கும்பிடறமே, அது மாட்டையா? மேடத்த ‘அவ’ன்னா சொல்ல முடியும்? வாய் வெந்துடாது?”

வடக்கே இருக்கிற எங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘அவ வந்தா’ என்றால் அது தங்கச்சி, பெண்டாட்டி, சண்டைக்காரி. மரியாதைப்பட்ட பெண்பிள்ளை என்றால் ‘வந்துச்சு’. டீச்சர் வந்துச்சு, டாக்டரம்மா சொல்லுச்சு. தெலுங்கோடு பிறந்து வளர்ந்த வாய். தெலுங்கில் அம்மா வந்தாலும் ‘வச்சிந்தி’தான், பஸ் வந்தாலும் ‘வச்சிந்தி’தான், அதற்காக எந்த அம்மாவும் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? ‘துன்னுகினு கீது’ என்று கேட்டதும், வைக்கோல் தின்கிற எருமை என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும்.

வெறும் மெமோவாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விஷயம் அதுவல்ல. அட்டெண்டர் பதினோரு வருஷமாகத் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்குகிற கோப்பு அப்போதுதான், எத்தனையோ தரம் மெட்ராஸுக்குப் போய்த் திரும்பி வந்து, ஆபீசர் மேஜையில் கிடந்தது. அவர் ‘சிபாரிசு செய்கிறேன்’ என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வருஷத்தோடு அட்டெண்டருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். தாண்டிவிட்டால் அந்தக் கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. என்றைக்கு வேண்டுமானாலும் ‘நாளைக்கு வராதே’ என்று சொல்லிவிடலாம். மெமோ நிலுவையில் இருக்கிற ஆளுக்கு எந்த ஆபீசரும் சிபாரிசு எழுத மாட்டார். எழுதவும் கூடாது.

சூப்பிரண்டு நல்ல மனசோடுதான் யோசனை சொன்னார். “என்னத்துக்குடா பெருசு பண்றே? தப்புதான், மன்னிச்சுக்கோங்கோன்னு ரெண்டு வரி எழுதி ரேகை வச்சுடு. அவாளும் மறந்துடுவா.”

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சாமி” என்றார் அட்டெண்டர் மெதுவாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை மெமோ அடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ‘தப்புதான்’ என்று எழுதிக் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அது கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதோடு கதை முடிந்தது. “இவர் ஒண்ணும் எழுதப் போறதில்ல” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நைனா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் ஆபீசர் வந்து உட்கார்ந்ததும் உள்ளே போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. “மேடம், அந்த மெமோ தப்பு” என்று ஆரம்பித்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

“என்ன?” என்றார்.

“அவரு மரியாதையாத்தான் சொன்னாரு மேடம். எங்க பக்கத்துல அப்படித்தான் பேசுவாங்க.”

“மரியாதையா?” கையிலிருந்த பேனாவை வைத்தார். “உனக்கு என்ன தெரியும்? திருப்பிப் போன் பண்ணினேன் பாரு, மெட்ராஸ்ல அந்தாளு என்ன கேட்டாரு தெரியுமா? ‘என்னம்மா, துன்னு முடிச்சாச்சா’ன்னு கேட்டாரு. பக்கத்துல நாலு பேரு சிரிக்கிற சத்தம் கேக்கு. நான் இந்த வேலைக்கு வந்த நாள்லருந்து என்னைப் பாத்துச் சிரிக்கதுக்குன்னே காத்துக்கிட்டிருக்காங்க. பொம்பளைக்கு எதுக்கு ஆபீசர் வேலைன்னு. இப்ப என் சொந்த ஆபீஸே அவங்களுக்கு ஒரு சாக்கு எடுத்துக் குடுத்துட்டு.”

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் மெட்ராஸ்காரர் மேல் திரும்பிவிட்டது. ஆனால் நான் அப்படியே வெளியே வந்துவிட்டால் அட்டெண்டர் என்ன ஆவார்?

“நானும் அப்படித்தான் மேடம் பேசறேன்” என்றேன். “நேத்து ஒருத்தர் உங்களைப் பாக்க வந்தாரு. ‘மேடம் உள்ள கீது, போங்க’ன்னு நாந்தான் சொன்னேன். உங்க எதிர்ல மட்டும் ஜாக்கிரதையா ‘இருக்காங்க’ன்னு பேசிக்கினு இருக்கேன். மெமோ குடுக்கறதா இருந்தா எனக்கும் குடுங்க.”

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். மேலே போனேன்: “சூப்பிரண்டு சாரு தெனமும் ‘மேடம் வந்திருக்கா’ன்னுதான சொல்றாரு? உங்க ஊர்ல அது மரியாதையா? அவருக்கு மெமோ குடுக்கலயே?”

ஆபீசர் பேனாவை எடுத்து மூடினார். போச்சு, சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சித்தூர் வண்டி ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஆபீசர் எழுந்தார். அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அட்டெண்டர் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“சார்” என்று சூப்பிரண்டைப் பார்த்தார். “நான் வந்தா நீங்க என்ன சொல்வீங்க?”

சூப்பிரண்டு முழித்தார். “‘வந்திருக்கா’ன்னு சொல்வேன்.”

“எங்க ஊர்ல வீட்டு வேலைக்காரியைத்தான் அப்படிச் சொல்லுவோம்.”

“ஐயையோ! அபசாரம்!” சூப்பிரண்டு காதைப் பொத்திக்கொண்டார். “எங்காத்துல பெரியவாளைச் சொல்றது அப்படித்தான். மாமா வந்திருக்கா, ஆசார்யன் வந்திருக்கா. அது பன்மை! அதுக்கு மேல மரியாதை எங்ககிட்ட இல்லையே!”

ஆபீசர் தெலுங்கு குமாஸ்தாக்களைப் பார்த்தார். அவர்களில் மூத்தவர் பயந்துகொண்டே, “மாகு அந்தா ஒகட்டே மேடம், வச்சிந்தி” என்றார். எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று.

“உங்க ஊர்ல எப்படி மேடம் சொல்வாங்க?” என்று நான் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

“பெரியவங்கன்னா, ‘வந்தாவ’ன்னுவோம்.”

மூலையிலிருந்து அட்டெண்டர், தன் கஷ்டத்தை எல்லாம் மறந்து, ஆச்சரியத்தோடு கேட்டார்: “வந்தாவவா? அப்பால? மீதிய எப்ப சொல்லுவீங்க?”

முதலில் சிரித்தது ஆபீசர்தான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் சூப்பிரண்டு, அப்புறம் நான். அட்டெண்டர் மட்டும், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல், எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்து முடித்து ஆபீசர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப எல்லாரும் எனக்கு மரியாதை குடுத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க. எனக்குத்தான் காது கேக்கல” என்றார். 

அதோடு முடிந்தது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். முடியவில்லை. அவர் மூலையைக் கை காட்டினார்.

“சரி. இவரை நீங்க எல்லாரும் எப்படிக் கூப்பிடுறீங்க?”

சூப்பிரண்டு மேஜையில் இருந்த காகிதத்தை நேராக வைத்தார். “டேய்னு... பழக்கம்” என்றார் கடைசியில். தெலுங்கு குமாஸ்தாக்கள் ‘ரேய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். “நீ?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். “ஏம்பா, இங்க வா... அப்படித்தான் மேடம்.”

“உன் வயசு என்ன?”

“இருபத்தஞ்சு.”

“அவருக்கு?”

எனக்குத் தெரியாதா என்ன? வயது வரம்பு கோப்பை அடித்ததே நான்தானே. நாற்பதைத் தாண்டியவர். கல்யாணத்துக்கு இரண்டு பெண்களை வைத்திருக்கிறவர். நேற்று முழுக்க அவருக்காகக் கொதித்து, ராத்திரியெல்லாம் விழித்து, காலையில் ஆபீசரோடு சண்டைக்குப் போன நான், அவரிடம் மெமோவைப் படித்துச் சொன்னபோதுகூட ‘சொல்லிட்டியாம்’ என்றுதான் சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம். காது மடல் எரிந்தது. ஜென்மத்தில் அப்படி வெட்கப்பட்டதில்லை. குடை பிடித்துக்கொண்டு பின் தெருவுக்குப் போன நாளில்கூட.

“நான் மட்டும் என்ன?” என்றார் ஆபீசர், எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. “நான் மணியடிச்சுல்லா கூப்பிடுதேன்.”

அட்டெண்டர் துடித்துப்போய்விட்டார். “அத்த இன்னாத்துக்கு மேடம் பேசிகினு! எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். மெமோவ மட்டும் வாங்கிக்கிங்க மேடம்.”

மெமோவை வாங்கிக்கொண்டார். என்னிடமிருந்த இரண்டு நகல்களையும் கேட்டு வாங்கி, எங்கள் எதிரிலேயே நாலாகக் கிழித்தார். சிபாரிசை அன்றைக்கு மத்தியானமே சொன்னார், நான் அடித்தேன். ஒரு வரி எழுதினால் போதும். அவர் ஒரு பக்கம் சொன்னார். எழுத்தறியாமலே அந்த ஆபீசின் அத்தனை கோப்பையும் காப்பாற்றி வருகிறவர் என்று ஒரு வாக்கியம் வந்தது. அதில் ஒரு பிழைகூட வராமல் அடித்தேன். அதற்குமுன் அப்படி நான் அடித்ததில்லை, என் லட்சணம் எனக்குத் தெரியும்.

கோப்பு மெட்ராஸுக்குப் போயிற்று. அப்புறம் மாதக் கணக்கில் மூச்சு இல்லை. அந்த மாதங்களில் ஆபீஸ் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆனது. ஆபீசர் மேஜையில் மணி இல்லை. எழுந்து வந்து கதவைத் தள்ளி, “கொஞ்சம் வாங்க” என்பார். சூப்பிரண்டு ‘டேய்’யில் தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டு ‘வாப்பா’ என்று முடிப்பார், “டேய்... வாப்பா” என்றே கொஞ்ச நாள் ஓடியது. ஐம்பது வருஷ நாக்கு, அவ்வளவு திரும்பியதே பெரிது. மெட்ராஸ்காரர் மறுபடியும் ஒரு நாள் கூப்பிட்டார். அட்டெண்டர் போனைப் பார்த்தே பயந்து பின்னால் போனார். ஆபீசர் உள்ளே இருந்து, “எடுங்க, உங்க வாய்க்கு வந்தபடி பேசுங்க” என்றார். இவரும் எடுத்து, “மேடம் வந்துகினே கீது சார்!” என்று கத்தினார். அப்புறம் ஆபீசர் போனை வாங்கி, எங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, “எங்க ஆபீஸ் தமிழ்ல அதுதான் சார் மரியாதை. நீங்களும் பழகிக்கோங்க” என்றார். அன்றைக்குச் சந்தோஷத்தில் நான் டைப் அடித்த வேகத்தில் ரிப்பன் அறுந்தது.

நான்தான் மாறவில்லை. இதை ஒளிக்கப் போவதில்லை. ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் படியேறுவேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பழகிய ஆளிடம் திடீரென்று மரியாதை காட்டினால், இத்தனை நாள் காட்டவில்லை என்று நானே தண்டோரா போடுகிற மாதிரி இருக்கும். அதனால் ‘வா’வும் இல்லாமல் ‘வாங்க’வும் இல்லாமல் பேசுகிற ஒரு தமிழைக் கண்டுபிடித்தேன். “தண்ணி கெடைக்குமா?” “அந்தக் கோப்பு வேணுமே.” “தபால் ஆச்சா?” ‘நீ’, ‘நீங்க’ இரண்டுமே இல்லாமல் நாலு மாதம் குடும்பம் நடத்தினேன். அவருக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள், “இன்னாமா, எம்மேல கோவமா? சரியாவே பேச மாட்டேங்கறியே” என்று கேட்டார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

“கோவமெல்லாம் இல்ல” என்று சொல்லிவிட்டு அச்செழுத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

ஒரு நாள் காலைத் தபாலில் மெட்ராஸ் முத்திரையோடு நீளமான உறை வந்தது. தபால் எல்லாம் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். பிரித்தேன். அட்டெண்டரை நிரந்தரமாக்கிய உத்தரவு. ஆபீசரிடம் ஓடினேன். அவர் படித்தார், இன்னொரு தரம் படித்தார், அப்புறம் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நீயே குடு” என்றார். “நீதான சண்டை போட்டே.”

“நீங்க குடுங்க மேடம். அதுதான் மொறை.”

“நான் வாங்கன்னு கூப்பிட்டா அவருக்கு ஒண்ணும் இல்ல. நான் எல்லாரையும் வாங்கன்னுதான் கூப்பிடுதேன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. போ, நீ குடு.” அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் ‘வா’வும் ‘வாங்க’வும் இல்லாத தமிழும்தான்.

என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். எதிரே ஒரு நாற்காலி உண்டு, வெளியிலிருந்து மனு கொண்டுவருகிறவர்களுக்காக. அட்டெண்டர் கீழே டீக்குப் போயிருந்தார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. ஹாலில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சூப்பிரண்டு எழுதுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். அட்டெண்டர் கையில் டீக் கூஜாவோடு வாசலில் வந்து நின்றார்.

நான் எழுந்து நின்றேன். “வாங்க” என்றேன். “வந்து உட்காருங்க.”

அவர் சட்டென்று ஒதுங்கி, வாசலுக்கு வழிவிட்டு நின்றுகொண்டு, பின்னால் யாரோ பெரிய மனுஷர் வருகிறார் போல என்று திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். யாரும் இல்லை. எட்டிக் கீழே பார்த்தார். அங்கேயும் இல்லை. “ஆரும்மா? ஆரக் கூப்புட்ற?” என்றார்.

“உங்களைத்தான்” என்றேன்.